எங்கிருந்தாலும் வரவும்

"கோயம்புத்தூர் வண்டி எப்பங்க?" என்று, கண்ணாடியில் கை போகிற அளவுக்கு வெட்டியிருந்த ஓட்டைக்கு நேரே குனிந்து கேட்டவள் அவருடைய பெண்டாட்டி. "அஞ்சு அம்பத்தஞ்சு, நாலாம் நம்பர் நடைமேடை" என்றார் குஞ்சிதபாதம். சொல்லிவிட்டார். இந்தப் பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கி அறையில் பதினேழு வருஷமாக இரவு வேலை, அந்த ஓட்டைக்குப் பதில் சொல்லியே பழகிப்போன வாய், கேட்டது யார் என்று பார்த்துக்கொண்டா இருக்கும், கேள்வி வந்தால் பதில் போய்விடும். ஆனால் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆட்டோவிலிருந்து அவள் இறங்கியதைப் பார்த்தார். பழைய சேலையில் மூட்டையாகக் கட்டிய கனமான எதையோ இடுப்பில் ஏற்றிக்கொண்டு, இன்னொரு கையில் துணிப்பையோடு, நேரே அறையைப் பார்த்து அவள் நடந்து வந்ததைப் பார்த்தார். வருகிறாள், என்னிடம்தான் வருகிறாள், இப்போது சொல்லிவிட வேண்டியதுதான் என்று உதட்டை நாக்கால் நனைத்துக்கூட வைத்துக்கொண்டார். அவள் வந்து இதைக் கேட்டாள். அந்த வண்டியின் நேரம் அவளுக்குத் தெரியாதா. நேற்றுச் சாயங்காலம் அவருடைய சோற்றுத் தூக்கை மூடிக்கொண்டே, "காலைல அஞ்சு அம்பத்தஞ்சுக்கு ஏறிடுவேன், பாப்பாத்தி மத்தியானம் சிங்காநல்லூர்ல வந்து நிக்கறேன்னு எழுதியிருக்கா, அவ தையல் கடையிலயே மாடியில எடம் இருக்காம்" என்று சொன்னவளே அவள்தான். தெரிந்த நேரத்தை எதற்குக் கேட்க வேண்டும். அதுவும் அந்த 'எப்பங்க'. அந்த 'ங்க' பயணியுடையதா, பெண்டாட்டியுடையதா. இருபத்திரண்டு வருஷமாக வீட்டில் கேட்ட 'ங்க'தான், ஆனால் ஓட்டை வழியாக வந்தபோது ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் 'ங்க' மாதிரி இருந்தது. ஓட்டைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தெரிந்துகொண்டேதான் கேட்பார்கள், பலகையில் எழுதியிருக்கும், படித்திருப்பார்கள், இருந்தாலும் ஒரு மனுஷன் வாயால் கேட்டுக்கொண்டால் ஒரு தைரியம். அவளும் எதையோ கேட்டுக்கொள்ளத்தான் வந்தாள். அவர் நேரத்தைச் சொன்னார், நடைமேடை எண்ணைச் சொன்னார், இரண்டும் சரியான தகவல்கள். அவள் கொஞ்சம் நின்றாள். மூட்டையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். "போறேன்" என்றாள். "ம்" என்றார்.

போறேன். அந்தச் சொல் ஓட்டையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது. யார் வீட்டில் போறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். முக்குக் கடைக்குக் கொத்தமல்லி வாங்கப் போகிறவள்கூடப் போயிட்டு வரேன் என்பாள். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவருடைய அப்பாகூடப் போயிட்டு வரேன்டா என்றுதான் சொன்னார், வரவில்லை, ஆனால் சொன்னார். ஒருவேளை அவசரத்தில் வாய் தவறியிருக்குமோ. தவறாது. ஒரு தையல் கோணினால் மொத்த வரிசையையும் பிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போடுகிறவள், பேச்சில் மட்டும் கோண விடுவாளா. நடந்து வரும்போதே யோசித்து, வரேன் என்பதை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அப்போதாவது என்ன போறேன்ங்கறே என்று கேட்டிருக்கலாம். கேட்கிற மாதிரிதான் வைத்தாள். மணி ஐந்து இருபத்தைந்து. பட்டுக்கோட்டை வண்டிக்காரன் ஹாரன் அடித்தான், மைக் விசையை அமுக்கினார், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, பட்டுக்கோட்டை செல்லும் பேருந்து இரண்டாம் எண் நடைமேடையிலிருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்", அந்தக் குரல் எட்டு நடைமேடைக்கும் போய், வெளிவாசல் கம்பத்தில் கட்டியிருந்த கடைசி ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து அரை நொடி தாமதமாக அவருக்கே திரும்பி வந்தது. புறப்படும். எப்போதும் அப்படித்தான், அவர் சொன்னதை அவரே கடைசியாகக் கேட்பார். ஊரில் அந்தக் குரலுக்கு மரியாதை உண்டு, சந்தையில் யாராவது திரும்பிப் பார்த்து நீங்கதானே பஸ் ஸ்டாண்டுல பேசறவரு என்பார்கள். ஆமா என்று சொல்லக் கூசிக்கொண்டு சிரிப்பார். நாலாம் நடைமேடையில் கோயம்புத்தூர் வண்டி வந்து நின்றிருந்தது. உள்விளக்கு எரிந்தது. இடது பக்கம் மூன்றாவது ஜன்னலில் அவள் உட்கார்ந்திருந்தாள், மூட்டை மடியில். கண்டக்டர் முபாரக் அவளிடம் என்னமோ சொல்லிவிட்டு, ஓடி வந்து ஓட்டையில் முகத்தை வைத்தான். "என்ன குஞ்சிதண்ணே, அண்ணி கோயம்புத்தூருக்கா? தனியாவா? சொல்லவே இல்ல! கவலப்படாதீங்க, வெயில் அடிக்காத பக்கமா உக்கார வச்சிருக்கேன், எறங்கற வரைக்கும் நான் பாத்துக்கறேன். மூட்டைய மேல வைங்கன்னா மாட்டேங்கறாங்க, அப்படி என்னண்ணே அதுல, புதையலா?" "பரவாயில்லப்பா, மடியிலயே இருக்கட்டும்" என்றார். அதில் என்ன இருக்கிறது என்பது அந்தச் சேலையின் புடைப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தையல் மிஷினின் தலை. காலால் மிதிக்கிற பாகத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, திருகுகளைக் கழற்றி, தலையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். தனியாகவா கழற்றினாள். நேற்று ராத்திரி அவர் இங்கே உட்கார்ந்து மதுரையையும் சேலத்தையும் அனுப்பிக்கொண்டிருந்தபோது, கொல்லைத் தாழ்வாரத்தில் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருகாக.

அந்த மிஷின் முன்கட்டு அறையில் ஜன்னலோரமாக இருந்தது. தெருப் பெண்கள் வாசலிலிருந்தே, "தையலு, ஜாக்கெட்டு ஆச்சா?" என்பார்கள், "எம் பேருலயே தையல் இருக்கு, ஆகாமயா போயிடும்" என்பாள் தையல்நாயகி. வெளிச்சம் அவள் கையில் விழும். பிள்ளை இல்லை, அதற்கும் அவர் ஒரு பரவாயில்லை சொல்லியிருக்கிறார், அப்போது அவள் துணியிலிருந்து தலையைத் தூக்காமல், "எனக்குப் பரவா இருக்கு" என்றாள், அந்தப் பதிலுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பதினோரு வருஷம் முன்னால் அண்ணன் சபாநாயகம் மாற்றலாகி, அண்ணி, இரண்டு பிள்ளைகள், பீரோ, கட்டிலோடு வந்து இறங்கினார். ரெண்டே மாசம்டா குஞ்சு, வீடு பாத்துட்டுப் போயிடுவேன். பரவாயில்லண்ணே. மிஷின் முன்கட்டிலிருந்து நடைக்கு வந்தது, நடையில் கால் தடுக்குகிறது என்று கொல்லைத் தாழ்வாரத்துக்குப் போனது, குளிக்கிற தண்ணீர் தெறித்துச் சக்கரம் துருவேறியது, தெருப் பெண்கள் வருவது நின்றது. ஒவ்வொரு தடவையும் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் வேறு எங்கேயோ இருந்தது. போன மாதம் அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மிஷினைப் பரணில் தூக்கிப் போட்டுவிடலாம் என்று அண்ணி சொன்ன அன்று, தையல்நாயகி அவரைக் கிணற்றடியில் நிறுத்திவைத்துச் சொன்னாள், "ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை. நான் சொன்னா சண்டை, நீங்க சொன்னா பேச்சு. மிஷின் பழையபடி ஜன்னலோரம் இருக்கட்டும்னு, அவ்வளவுதான்." குளித்தார். இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டினார், சொந்த வீட்டில் அறைக்கு அறை போவதற்கு. நடையைத் தாண்டினால் முன்கட்டு. "வாடா குஞ்சு, உக்காரு, நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார் அண்ணன், இட்லியைப் பிட்டுக்கொண்டே. "சின்னஞ்சிறுசுங்க, கல்யாணம் ஆனா தனியா ஒரு ரூம் வேணும் பாரு. உங்க ரூமு சரியா இருக்கும்னு உங்க அண்ணி சொல்றா. நீயோ ராத்திரியில வீட்டுலயே இல்ல. அவ ஒருத்திதானே, எங்க படுத்தா என்ன. நீ என்ன சொல்றே?" நீ என்ன சொல்றே என்று கேட்டுவிட்டாரே, அதுதான் பெரிய கஷ்டம், கேட்காமல் எடுத்துக்கொண்டிருந்தால் மனசுக்குள்ளாவது கோபப்பட்டிருக்கலாம். "பரவாயில்லண்ணே" என்றார். அண்ணி அவருக்கு ஒரு இட்லி வைத்தாள், அதையும் தின்றார். அதையும். திரும்பி வந்தபோது அவள் தாழ்வாரத்தில் நின்றிருந்தாள், கையில் எண்ணெய்க் குப்பி, மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு, நகர்த்துவதற்குத் தயாராக. "சொல்லிட்டீங்களா?" "ம்." "என்ன சொன்னாங்க?" "ரூமக் கேட்டாங்க." "எந்த ரூம?" இஸ்திரிச் சட்டையின் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். "குடுத்துட்டீங்களா?" அப்புறம் அவள் சிரித்தாள். கிண்டல் இல்லை, கோபம் இல்லை, அதுதான் இப்போதும் பயமாக இருக்கிறது, ஏதோ கணக்கு ஒன்று ரொம்ப நாளாகப் புரியாமல் இருந்து திடீரென்று புரிந்துவிட்டவள் மாதிரி சிரித்தாள். குப்பியைத் தரையில் வைத்தாள். அன்று சாயங்காலமே, தன்னோடு தையல் பழகிய பாப்பாத்திக்கு இன்லண்ட் லெட்டர் எழுதினாள்.

போகட்டுமா என்று மூன்று தடவை கேட்டாள். கொடியில் துணி உலர்த்தும்போது ஒரு தடவை, அவர் பகலில் படுத்துத் தூங்கி எழுந்த நேரம் காப்பியை நீட்டிக்கொண்டே ஒரு தடவை, நேற்று ஒரு தடவை. மூன்று தடவையும் உன் இஷ்டம் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், தன்னிடம் இருக்கிற ஒரே பெரிய பொருளை எடுத்துக் கொடுக்கிற மாதிரி, நான் யாரையும் தடுக்கிற ஆள் இல்லை என்கிற ஒரு சின்னப் பெருமைகூட அதில் இருந்தது. மூன்றாவது தடவை அவள், "என் இஷ்டத்தையெல்லாம் இங்க யாரு கேட்டா. நான் உங்க இஷ்டத்தத்தான் கேட்டேன்" என்றாள். உங்க இஷ்டம். அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தார். மேசை இழுப்பறையில் சாவியைத் தேடுவது போல. இருந்தது, அடியில், இருக்கிறது, நீ போகாதே, நீ போனால் நான் பகலில் எந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்குவேன், அந்த மிஷின் சத்தம் நின்றபிறகும் உன் கொலுசு, உன் இருமல், அடுப்பை ஊதுகிற மூச்சு, எனக்கு அது வேணும். எடுத்து நீட்டுவதற்குள் வேலைக்கு நேரமாகிவிட்டது, நேரமாகவில்லை, கால்மணி இருந்தது, நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் இதே நிலையத்தில், அப்போது வெறும் கூரைக் கொட்டகை, அவளைக் கூட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போகும்போது, டீ வேணுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். சரி என்று அவர் மட்டும் வாங்கிக் குடித்தார். வண்டி ஏறி இரண்டு ஊர் தாண்டிய பிறகு அவள் மெதுவாக, "ஒரு தடவ வேண்டாம்னா, ரெண்டாந் தடவ கேக்கவே மாட்டீங்களா?" என்றாள், புதுப் பெண்டாட்டி, கண்ணில் சிரிப்பு. அவரும் சிரித்தார். இருபத்திரண்டு வருஷம் அவர் அந்த இரண்டாவது தடவையைக் கேட்கவில்லை. அவள் வேண்டாம் என்பதைப் பத்திரமாக அப்படியே வாங்கி வைத்துக்கொண்டார், அதற்குப் பெயர் மரியாதை என்று வேறு நினைத்துக்கொண்டார்.

சட்டைப் பையில் அந்தத் தாள் இருக்கிறது. போன ஆடியில் நிலையத்து ஆட்களுக்கெல்லாம் அரை நாள் வகுப்பு, மெட்ராஸிலிருந்து ஒரு அம்மாள் வந்து எடுத்தார், தலைக்கு ஒரு ஜெராக்ஸ். மேலே 'தயங்காமல் பேசுவோம்' என்று இருக்கும், கீழே ஒன்று, கண்ணைப் பார்த்துப் பேசவும், இரண்டு, சுற்றி வளைக்காமல் சொல்லவும், மூன்று, 'நான்' என்று ஆரம்பிக்கவும். இரண்டு இரண்டு பேராக நிற்கவைத்துப் பழக்கினார். முபாரக் அதிகாரி, குஞ்சிதபாதம் லீவு கேட்க வேண்டும். "சார், வந்து, லீவு மாதிரி ஏதாச்சும் கெடைக்குமான்னு..." "லீவு மாதிரின்னா என்னய்யா, ஒரு கால் வீட்டுல, ஒரு கால் இங்கயா?" என்றான் முபாரக், கூடமே சிரித்தது. அந்த அம்மாளும் சிரித்துவிட்டு, "ஐயா, 'நான்'னு ஆரம்பிங்க பாப்போம்" என்றார். நான் என்று ஆரம்பித்தார். அதோடு நின்றுவிட்டது. நானுக்கும் வேணுமுக்கும் ஒட்டவில்லை. எனக்கு வேணும் என்றுதான் வாயில் வருகிறது, எனக்குப் பசிக்குது, எனக்குப் பிடிக்குது, எனக்கு வலிக்குது, யோசித்துப் பார்த்தால் உள்ளே இருக்கிற எதற்குமே நான் ஆள் இல்லை, எல்லாம் எங்கிருந்தோ வந்து எனக்கு நேர்கிறது, நான் சும்மா நிற்கிறேன். இதை அந்த அம்மாளிடம் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. சட்டையைத் துவைக்கும்போது தாளை எடுத்துத் தையல்நாயகி உலர்த்திப் படித்தாள். "கண்ணப் பாத்துப் பேசணுமாம். இதுக்கெல்லாமா கிளாஸ் எடுக்கறாங்க" என்றாள். அப்புறம் அதை நான்காக மடித்து, மறுநாள் சட்டைப் பையில் அவளே வைத்தாள். அவளே வைத்தாளே. அது இப்போதுதான் புரிகிறது. மைக்கில் ஒரு தரம்கூட நான் என்று சொன்னதில்லை, அங்கே நானுக்கு இடமே கிடையாது, பேருந்து புறப்படும், பயணிகள் கவனிக்கவும், நடைமேடையில் நிற்கவும். காணாமல் போனவர்களைக்கூட அப்படித்தான் கூப்பிடுவார். திருவிழா நாளில் பத்துப் பேராவது வந்து ஓட்டையில் அழுவார்கள், புள்ளையக் காணும் சார், சம்சாரத்தக் காணும் சார், பேரு சொல்லுங்க, ஊரு சொல்லுங்க, இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் எங்கிருந்தாலும் உடனடியாக ஒலிபெருக்கி அறைக்கு வரவும், உங்கள் கணவர் இங்கே காத்திருக்கிறார். மூன்று தடவை சொல்ல வேண்டும், அது வழக்கம். எத்தனை பேருடைய பெண்டாட்டிகளை அந்தக் குரல் கூப்பிட்டுக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. சொந்தப் பெண்டாட்டியை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இந்தா என்பார். இந்தா, தண்ணி கொண்டா. இந்தா, கதவச் சாத்திக்க. அவளுக்கு அவர் வைத்த பேர் அதுதான். இந்தா என்று சொல்லிக்கொண்டே ஒன்றும் கொடுக்காமல்.

ஐந்து நாற்பது. நாலாம் நடைமேடைக்கு நடந்தால் அறுபது எட்டு இருக்கும். கழிப்பறைக்குப் போகும்போது எண்ணியிருக்கிறார், அது நாற்பது, அதையும் தாண்டி இருபது. ஜன்னலுக்குக் கீழே போய் நின்றால் அவள் குனிவாள். இறங்கி வா. இரண்டு சொல். ஆனால் அறையை ஆளில்லாமல் விட்டுவிட்டுப் போகக்கூடாது, சட்டம் இருக்கிறது, ராத்திரி ஷிப்டில் மைக்கும் அவர்தான், வண்டிகளின் நேரத்துக்குக் கையெழுத்துப் போடுவதும் அவர்தான், எவனாவது வந்து நின்றால், ஏதாவது வண்டி தவறினால். அந்தச் சட்டத்தை அவர் நன்றியோடு பிடித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. ஜெசிந்தா. காலை ஷிப்டுக்காரி, ஆறு மணிக்கு வர வேண்டியவள், பதினேழு வருஷத்தில், இல்லை அவள் சேர்ந்து ஐந்து வருஷம்தான், ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட ஆறேகாலுக்கு முன்னால் வராதவள், இன்றைக்குத் தலை ஈரத்தோடு வந்து நிற்கிறாள். "அண்ணே, இன்னிக்கு எங்க வீட்டுக்காரரு வண்டியில கொண்டாந்து எறக்கிவிட்டாரு, அதான் அதிசயம். நீங்க கெளம்புங்க, நான் பாத்துக்கறேன். மூஞ்சி ஏன் இப்படி இருக்கு, தூங்கலையா?" கையெழுத்துப் புத்தகத்தை இழுத்து வைத்துக்கொண்டாள். நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். எழுந்தால் போதும். அறுபது எட்டு. அவர் வாய் திறந்தது, அது என்ன சொல்லப்போகிறது என்று அவரும் ஆவலாகத்தான் கேட்டார். "பரவாயில்லம்மா" என்றது, "அஞ்சு அம்பத்தஞ்ச அனுப்பிட்டே போறேன்." "ஒங்களத் திருத்தவே முடியாதுண்ணே, குடுக்கற கால்மணி நேரத்தக்கூட வேண்டாங்கறீங்களே" என்று சொல்லிவிட்டு அவள் டீ வாங்கப் போனாள். கண்ணாடிக்கு அப்பால் விடிந்துகொண்டிருந்தது, அது ஒரு அழுக்கான வெளிச்சம், விளக்கும் எரியும், வானமும் வெளுக்கும், இரண்டில் எதிலும் முகம் தெளிவாகத் தெரியாது. அவள் முகம் இந்தப் பக்கமாகத்தான் இருந்தது. அறையைப் பார்க்கிறாளா, கூரையில் உட்கார்ந்திருக்கிற புறாக்களைப் பார்க்கிறாளா. இடது தோள் முந்தானையில் ஒரு ஊசி குத்தியிருப்பாள், எப்போதும், நூலோடு, எங்கே கிழிந்தாலும் அங்கேயே தைக்க. ஒரு தடவை அவசரமாக அணைத்தபோது அது அவர் மாரில் ஏறிவிட்டது, ஸ்ஸ் என்று அவர் விலக, "அய்யய்யோ, குத்திடுச்சா" என்று அவள் பதற, அவர் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே ரத்தத்தைத் துடைத்தார். வலிக்குதுன்னுதான் ஒருதரம் சொல்லுங்களேன் என்றாள் அவள். இப்போது அதே இடத்தில், சட்டைப் பைக்குக் கீழே, தாளுக்குக் கீழே, என்னமோ இறங்குகிறது.

ஐந்து ஐம்பத்தைந்து. முபாரக் நேரத்தாளைக் கொண்டுவந்து ஓட்டை வழியாக உள்ளே தள்ளினான். இதில் அவர் நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டு, மைக்கில் ஒரு தடவை சொன்னால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். பேனாவை எடுத்தார். போடவில்லை. இது அவருக்கே புதிதாக இருந்தது. கை அப்படியே நின்றது. இத்தனை வருஷம் அவர் வாயை மூடிக்கொண்டதால் எல்லாம் போய்க்கொண்டே இருந்தது, அறை போனது, ஜன்னல் போனது, வெளிச்சம் போனது, இன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் சும்மா இருப்பது ஒன்றைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. ஐம்பத்தாறு. அந்த ஆறு சக்கரமும், ஐம்பது பேரும், மூன்றாவது ஜன்னலும் அவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்தன. இப்படியே இருந்துவிடலாம். ஐம்பத்தேழு. டிரைவர் ஹாரனைத் தட்டினார். பின்சீட்டிலிருந்து யாரோ, "யோவ், எடுய்யா வண்டிய, முகூர்த்தத்துக்குப் போகணும்யா!" என்று கத்தினார். தையல்நாயகி ஜன்னலிலிருந்து தலையை நீட்டினாள். இந்தத் தடவை சந்தேகமில்லை, அறையைத்தான் பார்த்தாள், நேராக, கண்ணைப் பார்த்து. வண்டி ஏன் நிற்கிறது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது, இன்னொரு கை மடியிலிருந்த மூட்டையின் முடிச்சில், தூக்கவும் இல்லை, விடவும் இல்லை, எழுந்துகொள்ளப் போகிறவள் கை மாதிரியும் இருந்தது. ஐம்பத்தெட்டு. "என்னண்ணே" என்றான் முபாரக், குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவனுக்கு எல்லாரிடமும் பாசம், "பேனா எழுதலையா? இந்தாங்க, என் பேனா." ஓட்டைக்குள் அவன் கை வந்தது, மூடியைக்கூடக் கழற்றி, நிப்பை அவன் பக்கமாகவும் பிடியை அவர் பக்கமாகவும் திருப்பி. இவ்வளவு தன்மையாக ஒருவன் நீட்டும்போது. "சரிப்பா" என்றார். வாங்கினார். போட்டார். நன்றாகவே எழுதியது. விசையை அமுக்கியபோது அந்தக் குரல் பிசிறில்லாமல் வந்தது, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, திருச்சி, கரூர், வெள்ளக்கோவில், காங்கேயம், பல்லடம் வழியாகக் கோயம்புத்தூர் செல்லும் பேருந்து நாலாம் எண் நடைமேடையிலிருந்து இப்போது புறப்படுகிறது." புறப்படுகிறது, என்று வாசல் குழாய் சொன்னது. ஜன்னலில் தலை உள்ளே போனது. முடிச்சிலிருந்து கை எடுபட்டதை அவர் பார்த்தார். வண்டி பின்னால் வந்து, திரும்பி, அறைக்கு முன்னாலேயே ஊர்ந்து போனது, அவள் இந்தப் பக்கம்தான் இருந்தாள், இரண்டு கையாலும் மிஷினின் தலையை, தூங்குகிற பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, நேரே முன்னால் பார்த்தபடி. வாசல் கம்பத்தைத் தாண்டியது. பெரிய சாலையில் வலது பக்கம் மடங்கியது. பின்விளக்கு மருந்துக் கடைக்குப் பின்னால் மறைந்தது.

ஜெசிந்தா இரண்டு டம்ளரோடு வந்து, "எந்திரிங்கண்ணே, மணி ஆறாச்சு" என்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. நாலாம் நடைமேடையில் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டிய கறை ஈரமாகப் பளபளத்தது. அதைப் பார்த்துக்கொண்டே விசையை அமுக்கினார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கீழமடவிளாகத்தைச் சேர்ந்த தையல்நாயகி என்பவர் எங்கிருந்தாலும் உடனடியாக ஒலிபெருக்கி அறைக்கு வரவும். உங்கள் கணவர் இங்கே உங்களுக்காகக் காத்திருக்கிறார்." தையல்நாயகி என்று வாசல் குழாய் ஒரு தடவை கூப்பிட்டது. எவ்வளவு நீளமான பேர், எவ்வளவு அழகாக ஏறி இறங்குகிறது, ஐந்து ஊர் வழியாகப் போகிற வண்டி மாதிரி. ஜெசிந்தா டம்ளரை வைத்தாள். அவளுக்கு அந்தப் பேர் தெரியும், அவளுடைய கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்த பேர். இரண்டாம் தடவை சொன்னார். மூன்றாம் தடவை சொன்னார். நடைமேடையில் ஜனங்கள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள், எந்தப் பொம்பளையாவது எழுந்து வருகிறாளா என்று. பெட்டி மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்கூடத் தன் பக்கத்திலிருந்தவளிடம் உம் பேரு என்னம்மா என்று கேட்டார். நிலையம் பெருக்குகிற சிந்தாமணி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள், காணாமல் போனவர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவதில் அவள் கெட்டிக்காரி. ஓட்டையில் வாயை வைத்து, மூச்சிரைக்க, "என்ன சேலண்ணே கட்டியிருந்தாங்க?" என்றாள். "அரக்குச் சேல" என்றார். "ஊதாக் கரை. எடது தோளுல ஒரு ஊசி குத்தியிருக்கும். நூலு கோத்து." "ஊசியா? சரி, பாத்துடலாம், எங்க போயிடப் போறாங்க, கக்கூசுப் பக்கம் பாக்கறேன், தண்ணிக் கொழாப் பக்கம் பாக்கறேன்" என்று இரண்டு எட்டு ஓடியவள், என்னமோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். எட்டிப் பார்த்தாள். அறைக்கு வெளியே அழுதுகொண்டு நிற்கிற ஆள் யாரும் இல்லை. "ஏண்ணே, தேடற ஆளையே காணுமே. யாருக்குண்ணே வேணும் அந்தம்மா?" ஜெசிந்தா அவளைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அவர் விரல் இன்னும் விசையை அமுக்கிக்கொண்டுதான் இருந்தது, எடுக்க மறந்துவிட்டது. "எனக்கு" என்றார் குஞ்சிதபாதம். அது போதவில்லை போல இருந்தது. ஓட்டைக்கு அப்பாலிருந்த அந்தக் கண்ணைப் பார்த்து, "எனக்கு வேணும்" என்றார். எட்டு நடைமேடையும் அதைக் கேட்டது, பட்டாணிப் பொட்டலம் மடிக்கிறவன் கேட்டான், முதல் வண்டிக்குக் காத்திருந்த பள்ளிக்கூட வாத்தியார்கள் கேட்டார்கள், புறாக்கள் ஒரு தரம் எழும்பி உட்கார்ந்தன. அரை நொடி கழித்து, ஒருவருமில்லாத வெளிவாசலிலிருந்து, கடைசிக் குழாய் அதை அவரிடமே திருப்பிச் சொன்னது. வேணும்.